சினிமா ஓடுகிறது, கல்யாணம் ஓடவில்லை

மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துத் தமிழர் வீடுகளில் பரணிலோ ஷோகேஸின் அடித்தட்டிலோ ஒரு பை கிடக்கும். கடையில் வாங்கிய சினிமா டிவிடிகளும் ஸ்டுடியோக்காரர் போட்டுக்கொடுத்த டிஸ்க்குகளும் அதில் கலந்திருக்கும். தாராவி வீட்டில் ஸ்டுடியோ டிஸ்க்கில் இருப்பது திருநெல்வேலிப் பக்கத்து ஊர்க் கோயில் கொடையாகவோ தங்கச்சி கல்யாணமாகவோ இருக்கலாம். மாட்டுங்காவில் மகளின் அரங்கேற்றம், செம்பூரில் அப்பாவின் அறுபதாம் கல்யாணம். பழைய பிளேயரைத் தூசி தட்டி எடுத்துப் போட்டுப் பார்த்தால் பல வீடுகளில் நடப்பது இதுதான்: சினிமா தடங்கலில்லாமல் ஓடுகிறது. கல்யாண டிஸ்க்கைப் போட்டால் ‘நோ டிஸ்க்’ என்கிறது. இல்லையென்றால், தாலி கட்டும் நேரம் பார்த்துப் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது.

உடனே வீட்டில் ஒருவர் பிளேயர் போச்சு என்பார். இன்னொருவர் ஸ்டுடியோக்காரர் மட்டமான டிஸ்க்கைத் தலையில் கட்டிவிட்டார் என்பார். இரண்டுமே அவசரத் தீர்ப்பு. டிஸ்க் ஓடாமல் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. எந்த இடத்தில், எப்படி நிற்கிறது என்று கவனித்தாலே பாதிக் காரணங்களைக் கழித்துவிடலாம்.

பார்க்க ஒன்று, செய்முறை வேறு

சினிமா டிவிடி அச்சில் வார்க்கப்பட்டது. பாலிகார்பனேட் என்ற தெளிவான பிளாஸ்டிக்கில் நுண்ணிய பள்ளங்களைப் பதித்து, மேலே உலோகப் பூச்சு பூசுகிறார்கள். 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் அந்தப் பள்ளங்கள்மேல் ஓடும்போது, பள்ளத்தில் பட்டுத் திரும்பும் ஒளி மங்கலாகவும் சமதளத்தில் பட்டுத் திரும்புவது பளிச்சென்றும் இருக்கும். அந்த மாற்றங்களைத்தான் பிளேயர் படமாகவும் ஒலியாகவும் மாற்றுகிறது. பள்ளங்களின் வரிசை நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சுழன்று போகும் ஒரே பாதை. ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் சுமார் 1,350 சுற்றுகள். மொத்தப் பாதையையும் நீட்டினால் 11 கிலோமீட்டருக்கு மேல் வரும்.

வீட்டிலோ ஸ்டுடியோவிலோ ரைட் பண்ணிய டிஸ்க்கில் பள்ளமே கிடையாது. உலோகப் பூச்சுக்கு முன்னால் ஒரு கரிமச் சாயப் படலம் இருக்கிறது. எழுதும் லேசர் அதைப் புள்ளி புள்ளியாகச் சுடுகிறது. சுட்ட இடம் ஒளியைக் குறைவாகத் திருப்பும், சுடாத இடம் கூடுதலாகத் திருப்பும். பிளேயரை ஏமாற்ற இது போதும். ஆனால் சாயம் என்பது சாயம்தான். வெயில், வெப்பம், ஈரம் எல்லாம் அதை மாற்றும். அச்சு டிஸ்க்கில் அழியச் சாயம் எதுவும் இல்லை.

திரும்ப எழுதக்கூடிய ஆர்.டபிள்யூ. வகை இன்னும் நலிந்தது. அச்சு டிவிடி தன்மேல் படும் ஒளியில் 45 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும், ஆர்.டபிள்யூ. டிஸ்க்கோ 18 முதல் 30 சதவீதம்தான் அனுப்பும். லேசர் வலுவிழந்த பழைய பிளேயருக்கு இந்த மங்கலான ஒளி போதாது. சினிமா ஓடி, கல்யாணம் ஓடாததற்கு முதல் காரணம் இங்கே இருக்கிறது. சினிமா ஓடுவதை வைத்து ‘பிளேயர் நன்றாக இருக்கிறது’ என்று சொல்லிவிட முடியாது. ‘எளிதான டிஸ்க்கைப் படிக்குமளவு இருக்கிறது’ என்பதுதான் அதன் பொருள்.

இந்தியாவில் வெற்று டிஸ்க்கை மலிவாக்கியதில் மோசர் பேயருக்குப் பெரிய பங்கு உண்டு. 1983இல் தொடங்கிய அந்த நிறுவனம் பின்னாளில் நொய்டா ஆலைகளிலிருந்து உலகச் சந்தைக்கே டிஸ்க் அனுப்பியது. 2007 வாக்கில் சினிமா விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்று வீடியோ சந்தையையே புரட்டிப் போட்டது. தமிழ்ப் படங்களும் அப்படி வந்தன. 2018இல் நிறுவனமே கலைப்புக்குப் போய்விட்டது. ஆக, ஒரே பெயர் போட்ட இரண்டு டிஸ்க்குகள் உங்கள் பையில் இருந்தாலும், அச்சில் வார்த்தது ஒன்று, சாயத்தில் சுட்டது மற்றொன்று என்று இருக்க வாய்ப்புண்டு. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அச்சு டிஸ்க் வெள்ளிபோல் மின்னும். எழுதிய டிவிடி ஊதாச் சாயல் காட்டும். சிடி பச்சையாகவோ நீலமாகவோ வெளிர் பொன்னிறமாகவோ இருக்கும்.

கீறல் இருந்தும் ஓடுவது எப்படி?

ரயிலில் ஊருக்குப் போகும்போது நகையை ஒரே பையில் வைக்கமாட்டோம். ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து வைப்போம். ஒரு பை தொலைந்தாலும் எல்லாம் போகாது. டிஸ்க்கும் அதைத்தான் செய்கிறது. அடுத்தடுத்து வர வேண்டிய தகவலைக் கலைத்துப் பரப்பி எழுதி, கூடவே சரிபார்ப்பு எண்களையும் சேர்த்துவிடுகிறது. ஒரு கீறல் கொஞ்சத்தை விழுங்கினாலும், மிச்சத்தையும் சரிபார்ப்பு எண்களையும் வைத்துப் போனதைக் கணக்குப் போட்டு மீட்டுவிடலாம். இந்தக் கணிதத்தை 1960இல் எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வகத்தில் இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் இருவரும் வெளியிட்டார்கள்.

பாதை நெடுக ஓடும் கீறல் என்றால் சிடி சுமார் இரண்டரை மில்லிமீட்டர் வரையும், டிவிடி சுமார் ஆறு மில்லிமீட்டர் வரையும் தாங்கும். அதனால்தான் டிஸ்க்கை நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைக்கச் சொல்கிறார்கள். வட்டமாகத் தேய்த்தால், துணியில் சிக்கிய ஒரு மணல் துகள் பாதையோடு சேர்ந்து நீளமாகக் கீறிவிடும். நேர்கோட்டில் விழும் கீறல் ஒவ்வொரு சுற்றையும் ஒரு புள்ளியில் மட்டும்தான் வெட்டும்.

விசிடிக்கு இந்தக் காப்பு குறைவு. 1993இல் வந்த விசிடி விதிப்படி, 650 எம்.பி. சிடியில் படத்தை அதிகம் திணிப்பதற்காகச் சரிபார்ப்பின் ஓர் அடுக்கை விட்டுவிட்டார்கள். சாதாரண தகவல் சிடியின் ஒரு துண்டில் 2,048 பைட் என்றால் விசிடியில் 2,324 பைட். 74 நிமிடப் படம் ஒரு சிடியில் அடங்கியது இதனால்தான். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் இரண்டு மூன்று சிடிகளாக வந்தது அந்த 74 நிமிட எல்லையால்தான். ஒரு புள்ளி பிழையானால் பிளேயர் படத்தைச் சற்றுக் கலைத்துக் காட்டிவிட்டு நகர்ந்துவிடும். கம்ப்யூட்டரில் அதே கோப்பை நகலெடுத்தால் அந்த இடத்திலேயே பிழை என்று நின்றுவிடும். ‘பிளேயரில் ஓடுது, கம்ப்யூட்டரில் காப்பி ஆகமாட்டேங்குது’ என்ற புலம்பலுக்கு விடை இதில் இருக்கிறது.

எங்கே நிற்கிறது?

முதல் வகை: போட்டவுடன் ‘நோ டிஸ்க்’. டிஸ்க் உள்ளே போனதும் லென்ஸ் மேலும் கீழும் அசைந்து குவியத்தைத் தேடும். காது கொடுத்தால் ‘டிக் டிக்’ என்று இரண்டு மூன்று முறை கேட்கும். சிடியில் தகவல் அடுக்கு அடிப்பரப்பிலிருந்து 1.2 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது, டிவிடியில் 0.6 மில்லிமீட்டர். எந்த ஆழத்தில் ஒளி திரும்புகிறது என்பதை வைத்தே இது எந்த வகை என்று பிளேயர் தீர்மானிக்கிறது. லென்ஸில் தூசியோ மழைக்கால ஈரப்பூச்சோ இருந்தால் இந்தத் தேடல் தோற்றுவிடும். முதல் தலைமுறை டிவிடி பிளேயர்கள் சிலவற்றில் வீட்டில் எழுதிய விசிடி ஓடாததற்குக் காரணம் வேறு. சிடி-ஆர் சாயம் 780 நானோமீட்டர் லேசருக்காகச் செய்தது. 650 நானோமீட்டர் ஒளியை அது ஒழுங்காகத் திருப்பாது. பிற்பாடு இரண்டு லேசர் வைத்த பிளேயர்கள் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

இதே வகையில் இன்னொரு காரணம், டிஸ்க் முடித்துவைக்கப்படாதது. கம்ப்யூட்டரில் இதற்கு ‘ஃபைனலைஸ்’ என்று பெயர். டிஸ்க்கின் தொடக்கத்தில் பொருளடக்கத்தை எழுதி மூடினால்தான் மற்ற பிளேயர்கள் உள்ளே இருப்பதை அறியும். கைக்கேமராவில் போட்ட 8 சென்டிமீட்டர் சின்ன டிஸ்க்குகளில் இந்தக் குறை அதிகம். அந்தக் கேமராவில் ஓடும், வேறெங்கும் ஓடாது. அதே கேமராவில் போட்டு ஃபைனலைஸ் செய்தால் சரியாகிவிடும். சின்ன டிஸ்க்கை வாய்க்குள் இழுத்துக்கொள்ளும் வகைப் பிளேயரில் போட்டுவிடாதீர்கள். ட்ரேயின் உள்வட்டக் குழியில் வைக்க வேண்டும்.

டிஸ்க் வெறுமையோ என்று சந்தேகம் வந்தால் அடிப்பக்கத்தை டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எழுதிய பகுதிக்கும் எழுதாத பகுதிக்கும் நிறம் சற்று வேறுபட்டு, நடுவில் ஒரு வட்டக் கோடு தெரியும். கோடு தெரிந்தால் உள்ளே கல்யாணம் இருக்கிறது என்று நம்பலாம்.

இரண்டாம் வகை: டிஸ்க்கைப் படிக்கிறது, ஆனால் ‘இந்த வகை ஏற்காது’ என்கிறது. இது டிஸ்க்கின் குற்றமில்லை, எழுதிய முறையின் குற்றம். டிவிடி வீடியோ என்றால் எம்பெக்-2 முறையில் சுருக்கிய படம், ‘வீடியோ_டிஎஸ்’ என்ற அடைவுக்குள், வரையறுத்த பெயர்களில் இருக்க வேண்டும். மொபைலில் எடுத்த எம்.பி.4 கோப்பை அப்படியே டிஸ்க்கில் போட்டால் அது தகவல் டிஸ்க். வீடியோ டிஸ்க் ஆகாது. சில பிளேயர்கள் டிவ்எக்ஸ் கோப்பை ஓட்டும். அதற்கும் எல்லை உண்டு. பழைய பிளேயர்களின் சிப்புக்கு எச்.264 புரியாது.

மூன்றாம் வகை: ஓடுகிறது, நிறம் இல்லை, அல்லது படம் உருள்கிறது. அமெரிக்காவிலிருக்கும் மகன் அனுப்பிய டிஸ்க் என்றால் அது பெரும்பாலும் என்டிஎஸ்சி, நொடிக்கு 30 படத்துக்குச் சற்றுக் குறைவு. இந்திய முறை பால், நொடிக்கு 25 படம். பால் மட்டும் தெரிந்த பழைய டிவியில் அது கறுப்பு வெள்ளையாகத்தான் வரும். பிளேயர் அமைப்பில் மாற்றி வைத்தால் தீரும். கடையில் வாங்கும் சினிமா டிஸ்க்குக்கு வட்டாரக் குறியீடு உண்டு, இந்தியா 5ஆம் வட்டாரம். வீட்டில் எழுதிய டிஸ்க்குக்கு அந்தக் கட்டுப்பாடு இராது. அதனால் அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

நான்காம் வகை: ஓடிக்கொண்டே வந்து நடுவில் நிற்பது. மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் பிளேயர்மேல் சந்தேகம்: லென்ஸ் அழுக்கு, மோட்டார் தளர்ச்சி, சூடு. எப்போதும் ஒரே நிமிடத்தில் நின்றால் டிஸ்க்மேல் சந்தேகம். அப்போது ஒரு ஸ்கேலை எடுங்கள்.

டிவிடியில் தகவல், மையத்திலிருந்து 24 மில்லிமீட்டர் தூரத்தில் தொடங்கி 58 மில்லிமீட்டர் வரை போகிறது. உள்வட்டம் சிறியது, வெளிவட்டம் பெரியது. ஆகவே நேரமும் தூரமும் சமமாகப் போகாது. இரண்டு மணி நேரம் நிரம்பிய ஓரடுக்கு டிஸ்க்கில் அரை மணி நேரக் காட்சி மையத்திலிருந்து சுமார் 36 மில்லிமீட்டரில் இருக்கும். ஒரு மணி நேரக் காட்சி 44இல். ஒன்றரை மணி நேரக் காட்சி 52இல். படம் நிற்கும் நிமிடத்தைக் குறித்துக்கொண்டு, அந்த வட்டத்தை மட்டும் வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். கைரேகையோ எண்ணெய்ப் பிசுக்கோ கீறலோ அங்கே கண்ணில் படலாம். பிசுக்கென்றால் மிருதுவான ஈரத் துணி போதும். அடிப்பக்கத்து மெல்லிய கீறல் என்றால் பற்பசையால் மெருகேற்றும் வழக்கம் ஓரளவுக்குப் பலிக்கும். கீறல் பிளாஸ்டிக்கின் மேல்தோலில்தான் இருக்கிறது. அதன் விளிம்பு மழுங்கினால் ஒளி சிதறுவது குறையும்.

சிடியின் மேல்பக்கம், பெயர் எழுதும் பக்கம், வேறு கதை. அங்கே உலோகப் பூச்சுக்குமேல் மெல்லிய அரக்குப் பூச்சுதான் காவல். பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலே தகவல் போய்விடும். சிடியை விளக்குக்கு எதிரே பிடிக்கும்போது ஊசித்துளை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தால் அங்கே பூச்சு உரிந்துவிட்டது. எந்தப் பற்பசையும் அதைத் திருப்பித் தராது. டிவிடியில் தகவல் இரண்டு தகடுகளுக்கு நடுவே இருப்பதால் மேல்பக்கக் கீறலுக்கு அவ்வளவு பயம் இல்லை.

கடைசிப் பகுதியில் மட்டும் நிற்பது தனிக் குறி. எழுத்து நடுவில் தொடங்கி விளிம்பில் முடிகிறது. அதனால் கல்யாண வீடியோவின் கடைசிப் பகுதி எப்போதும் விளிம்பில்தான். கை படுவது அங்கே; டிஸ்க் நெளிந்தால் ஆட்டம் அதிகம் அங்கே; ஈரம் நுழைவதும் அங்கிருந்தே. வேகமாக எழுதிய டிஸ்க்கில் உச்ச வேகம் தொடுவதும் விளிம்பில்தான். 16 மடங்கு வேகம் என்று போட்டிருந்தால் அந்த வேகம் விளிம்பில்தான் எட்டும். அவசரத்தில் அதிவேகமாக எழுதி, சரிபார்க்காமல் கொடுத்த டிஸ்க் கடைசியில் திக்குவது இதனால். மேலே ஒட்டிய காகித லேபிளும் இதைக் கெடுக்கும். ஒருபக்கம் சற்று விலகி ஒட்டினாலே எடை சமன் குலைந்து டிஸ்க் அதிரும். பசை காய்ந்து சுருங்கினால் டிஸ்க்கே வளையும்.

பம்பாய் மழையும் செம்பூர்க் காற்றும்

அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2003இல் வெளியிட்ட பராமரிப்புக் கையேடு, நீண்ட காலம் வைக்கும் டிஸ்க்குகளுக்கு 4 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதமும் உகந்தவை என்கிறது. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரப்பதம் சர்வ சாதாரணமாக 80ஐத் தாண்டும். தகரக் கூரையின் கீழே பரணில் கோடை வெப்பம் எவ்வளவு என்று தாராவியில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் சாயம் பத்து வருடம் தாக்குப்பிடித்ததே பெரிது.

பூஞ்சையும் ஓர் எதிரி. 2001இல் ஸ்பெயின் விஞ்ஞானிகள், மத்திய அமெரிக்காவின் வெப்ப ஈர நாடான பெலிஸிலிருந்து வந்த ஒரு சிடியை ஆராய்ந்தார்கள். ஜியோட்ரிக்கம் என்ற பூஞ்சை விளிம்பு வழியாகப் புகுந்து பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் அரித்திருந்தது. நம் வீட்டில் காணும் வெள்ளைப் பூஞ்சை பெரும்பாலும் மேலே படர்வதோடு நிற்பது, துடைத்தால் போய்விடும். ஆனால் பிளாஸ்டிக் உறைக்குள் ஈரத்தோடு அடைத்து வைத்தால் அது திரும்ப வரும்.

செம்பூர், மாகுல் பக்கத்துக்கு இன்னொரு கவலையும் உண்டு. எழுதும் டிஸ்க்குகளில் பளபளப்புக்குப் பெரும்பாலும் வெள்ளி பூசியிருப்பார்கள். காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடு வெள்ளியை அரிக்கக்கூடும் என்று அதே கையேடு எச்சரிக்கிறது. மாகுலிலும் டிராம்பேயிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உர ஆலையும் இருக்கின்றன. அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் டிஸ்க்குகளைத் திறந்த அலமாரியில் வைக்காமல், மூடிய பெட்டியில் செங்குத்தாக அடுக்கி வைப்பது நல்லது.

முதலில் காப்பாற்றுங்கள், பிறகு பாருங்கள்

திக்குகிற டிஸ்க்கை வீட்டார் எல்லோரும் கூடித் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது வீண். அது படிக்கிற நிலையில் இருக்கும்போதே நகலெடுத்துவிடுங்கள். யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று இருந்தால் எந்த லேப்டாப்பிலும் வேலை நடக்கும். வீட்டு டிஸ்க்கில் பூட்டு எதுவும் இல்லை. ‘வீடியோ_டிஎஸ்’ அடைவை முழுசாக நகலெடுத்தாலே போதும். அதை விஎல்சி என்ற மென்பொருள் ஓட்டும். மேக்எம்கேவி என்ற மென்பொருள் தரம் குறையாமல் கோப்புகளைச் சேர்த்துத் தரும்.

நகலெடுக்கும்போது பிழை வந்தால் கைவிட்டுவிடாதீர்கள். ஒரு டிரைவ் படிக்காத இடத்தை இன்னொரு டிரைவ் படித்துவிடுவது உண்டு. டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, கெட்ட பகுதிகளுக்குத் திரும்ப வரும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று குறித்தும் வைக்கும். அந்தக் குறிப்போடு டிஸ்க்கைப் பக்கத்து வீட்டு டிரைவில் போட்டு மிச்சத்தைத் தொடரலாம். இது டிவிடிக்கும் தகவல் சிடிக்கும் பொருந்தும். விசிடியை அதற்கென்ற மென்பொருளால் எடுக்க வேண்டும்.

பிளேயர் மேல்தான் சந்தேகம் என்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் லென்ஸை மெதுவாகத் துடைக்கலாம். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குவதால் அழுத்தக் கூடாது. திறந்த பிளேயரை ஓடவிட்டு உள்ளே எட்டிப் பார்க்கவும் கூடாது. சிடி லேசர் கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்கும். துடைத்தும் பயனில்லை என்றால் லேசரே வலுவிழந்திருக்கும். லாமிங்டன் ரோடு கடைகளில் பிக்கப் (லேசரும் லென்ஸும் சேர்ந்த பாகம்) கிடைத்தால் மாற்றலாம்.

காலம் நம் பக்கம் இல்லை. புது லேப்டாப்புகளில் டிஸ்க் டிரைவ் இல்லாமல் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. எழுதக்கூடிய புளூரே டிஸ்க் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. டிரைவும் பிக்கப்பும் கிடைப்பது வருடா வருடம் கடினமாகும். டிஸ்க் உயிரோடு இருந்தும் படிக்க ஆளில்லாமல் போகும் நாள் வரப்போகிறது.

எனவே தாராவியில் மறுவளர்ச்சிக்காக வீடு மாறப் போகிறவர்களுக்கும், செம்பூரிலும் மாட்டுங்காவிலும் பழைய கட்டடத்தைக் காலி செய்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பரணை ஒழிக்கும் நாளில் அந்தப் பை பங்கார் (காயலான்) கடைக்குப் போகும் முன் பிரித்துப் பாருங்கள். சினிமா டிஸ்க்குகளைத் தள்ளிவிடலாம். அந்தப் படங்களைத் தேடினால் இன்னொரு இடத்தில் கிடைக்கும். அடிப்பக்கம் ஊதாவோ பச்சையோ நீலமோ வெளிர் பொன்னிறமோ காட்டுபவற்றை எடுத்து வையுங்கள். உடனே நகலெடுத்து, ஒரு படியை வீட்டில் ஹார்ட் டிஸ்க்கிலும் இன்னொரு படியை ஊரிலிருக்கும் உறவுக்காரரிடமும் வைத்துவிடுங்கள்.